கழித்தல் எழுபத்தொன்று

மணி ஆறே முக்கால்.
செந்தூல் பசாருக்கு எதிரே
ஷட்டரை இடுப்பளவு இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தது முதலில் ஒரு மைலோ டின்,
பின்னால் தனேஸ்வரி.
டின்னுக்குள் அரிசி. அரிசிக்குள் பென்டிரைவ்.

“மூணு நாளா அரிசியில போட்டு வச்சேண்ணே.
பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல.
நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு
பதிவிலாகாவுல நிக்கணும்.”

போன மாத வெள்ளத்தில் அசல் தாள்கள் கூழாகிவிட்டன.
மிச்சம் இது ஒன்றுதான்,
மூடி தொலைந்து, வாயோரம் பச்சை பூத்து.

என் கடையில் ஓடுவது லினக்ஸ்.
கறுப்புத் திரையில் நான் தட்டுவதைப் பார்த்து
பேயோட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு.
தனேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டு
“அது என்ன சொல்லுது, படிங்க” என்றார்.

படித்தேன்.
புதிய சாதனம் வந்திருக்கிறது, எண் ஒன்பது.
விவரத்தை வாசிக்க முடியவில்லை,
பிழை: கழித்தல் எழுபத்தொன்று.
மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்துப் பார்க்கிறது.
எண் பத்து. கழித்தல் எழுபத்தொன்று.
அதோடு கெர்னல் கைவிட்டுவிட்டது.

“அப்ப, ஏதோ வந்திருக்குன்னு தெரியுது.”
தெரியுது.
“என்னன்னுதான் தெரியல.”
ஆமாம்.
கைப்பையைத் திறந்து
சிவப்பு ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.
நான் கேட்கவில்லை.
முப்பத்தாறு வயது.
பிறந்தது இங்கிருந்து நாலு பஸ் நிறுத்தம்.

ஹப்பைக் கழற்றினேன். பின்பக்கத் துளையில் செருகினேன்.
பழைய மடிக்கணினியிலும் பார்த்தேன்.
வட்டுகளின் பட்டியலில் என் வட்டு மட்டும்
தனியாக உட்கார்ந்திருந்தது.

“அழிரப்பர் இருக்கா?”
மகளுடைய பென்சில் பெட்டியிலிருந்து ஒன்று வந்தது,
ஸ்ட்ராபெர்ரி வாசனை.
நான் கை நீட்டுமுன் அவரே தேய்க்கத் தொடங்கினார்.
பசாரில் மீன் வெட்டுகிற கை.
நாலு செப்புக் கோடுகளிலும்
செதில் எடுப்பதுபோல் பச்சையை எடுத்தார்.

எண் பதினொன்று.
விளக்கு மினுக்கியது.
எட்டு ஜிபி, ஒரே பகுதி, பெயர் இல்லை.
“திற” என்றால்
சரியாகக் கழற்றப்படாதது, பழுது இருக்கலாம் என்றது.
பழுதுபார்க்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.
முதலில் உள்ளது உள்ளபடி ஒரு நகல்,
கை வைப்பது அந்த நகலில்தான்.

அரை மணி நேரம்.
தகரத்தில் மழை. ஒரு பாக்கெட் காச்சாங்.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்று, திணறி,
பின்வாங்கி, வேறு பக்கமிருந்து வந்து
அறுபத்து நாலு கேபியை மட்டும் விட்டுவிட்டு முடித்தது.

அந்த அறுபத்து நாலு
பள்ளிச் சான்றிதழின் கீழ்ப்பாதியாக இருந்தது.
தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் பதில் சாம்பல் பட்டை.
பிறப்புப் பத்திரம் திறந்தது, பக்கவாட்டில் படுத்தபடி.
நிமிர்த்தினேன்.
தகப்பன் பெயருக்கான கட்டத்தில்
மக்லுமாட் தீடாக் டிப்பெரொலே.
தகவல் கிடைக்கவில்லை.

அவர் அதைப் பார்க்கவில்லை.
படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்
தாளை அழுத்திப் பிடித்திருந்தது.
“என்னோடதுதான்” என்றார்.
நகத்தில் ஒரு செதில்கூடத் தெரிந்தது.

“வெட்டிடவா? சுத்தமா இருக்கும்.”
“இருக்கட்டும்.”

நாலு பிரதி, தாளுக்கு இருபது சென்.
புதுப் பென்டிரைவ் ஒன்றிலும் எல்லாவற்றையும் போட்டேன்.
பட்டை நிறைந்ததும் பிடுங்கப் போனார்.
இருங்க,
திரை முடிந்தது என்று சொல்லும்,
உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்.

கையை எடுத்துக்கொண்டார்.
விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த அரிசியை என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

“கழுவிட்டுச் சோறாக்குவேன்.
வேற என்ன?”